வெளியே போன நேரம்

வடக்குப்பட்டில் காந்திமதியைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். சாமி குத்தம் செய்தவள் என்று பாதிப் பேர். செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பி வைத்தவள் என்று மீதிப் பேர். இரண்டும் ஒரே மத்தியானத்தில் நடந்தவைதான். அவள் அன்றைக்குக் காப்பாற்றப் பார்த்தது தம்பியின் உயிரை என்பதை மட்டும் யாரும் முதலில் சொல்லமாட்டார்கள். ஊர் வாய்க்கு அதில் ருசி கிடையாது.

இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியின் கேன்டீனில் அவள் காய் நறுக்கினாள். காலை ஐந்தரைக்கு ஊருக்கு வேன் வரும். எட்டு மணிக்குள் இரண்டு மூட்டை வெங்காயம் உரித்தாக வேண்டும். "வெங்காயம் உரிக்கிறதுல ஒரு சவுகரியம் கீது, அழுதா யாரும் இன்னான்னு கேக்கமாட்டாங்க" என்று கூட இருப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அந்தக் கேன்டீனில் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

அவள் வீட்டுக்காரர் காசிராஜன் கொத்து வேலைக்காரர். கை சுத்தம், வாய் சுத்தமில்லை. அவருக்கு ஒரு ஜமா இருந்தது: கன்னியப்பன், எட்டியப்பன், முனிரத்தினம். சாயங்காலமானால் நால்வரும் கிணற்று பம்ப்செட் ரூம் பக்கம் குடிக்கக் குந்திக்கொள்வார்கள். அவர்களுக்கு ஒரு வால் உண்டு, காந்திமதியின் தம்பி சுப்பராயன். தாயில்லாத பிள்ளை, இவள் இடுப்பில் வளர்ந்தவன். முதல் டம்ளரை மாமன் கையால்தான் வாங்கினான். தொட்டுக்க ஆம்லெட் போட்டுக் கொடுத்தது அக்கா கை. நாலு வீட்டில் நடப்பதுதானே என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. பிறகு அதை நினைத்து நினைத்துத் தன் கையையே அவளுக்குப் பிடிக்காமல் போனது.

ஜமாவில் ஒவ்வொருவராகப் போனார்கள். கன்னியப்பன் ஒரு விடிகாலை ஏரிக்கரையில் செத்துக் கிடந்தார். எட்டியப்பனுக்குக் கெட்ட சாராயத்தில் கண் போய், பிறகு உயிர் போனது. முனிரத்தினம் வயிறு வீங்கிச் செத்தார். காசிராஜனுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து கடைக்குப் போகத் தெம்பில்லாமல் மூன்று நாள் குடிக்காமல் படுத்திருந்தார். புருஷன் திருந்திவிட்டார் என்று காந்திமதி மனசுக்குள் சந்தோஷப்பட்டாள். நான்காம் நாள் கை கால் இழுத்துக்கொண்டது. கையில் இரும்புச் சாவியைத் திணித்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அரை மணியில் அடங்கிவிட்டார். அது தொண்ணூற்று நான்கு. மிச்சம் இருந்தது சுப்பராயன் ஒருவன்தான்.

சுப்பராயனுக்குச் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. ஒரகடம் ரோட்டை ஒட்டி எந்தக் கம்பெனியோ வாங்கிப் போட்டிருந்த நிலம். அந்தப் பழைய பம்ப்செட்டும் அதற்குள்தான் இருந்தது. இடித்துவிட்டு, சிமென்ட் மேடையை மட்டும் விட்டிருந்தார்கள். கம்பெனி வரவில்லை. கம்பி வேலியும் கேட்டும் கேட்டோரம் ஒரு தகர ரூமும் வந்தன. காவல் காக்க உள்ளே நெருஞ்சி முள் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏஜென்சிக்காரன் ஒரு பெரிய நோட்டு கொடுத்திருந்தான். பெயர், ஊர், யாரைப் பார்க்க, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து. வெளியே போன நேரம் போடாத ஆள் ஒருத்தர் உள்ளே இருந்தாலும் டியூட்டி நேரத்தில் கேட்டை விட்டு நகரக் கூடாது என்பது சட்டம். மாடு தேடி வந்தவரிடம்கூடச் சுப்பராயன் கையெழுத்து வாங்கியிருக்கிறான். குடித்தாலும் நோட்டில் பிசகு வராது. அவனிடம் மிஞ்சியிருந்த ஒழுங்கு அது ஒன்றுதான்.

இவனும் போய்விடுவான் என்று காந்திமதிக்குத் தெரிந்துவிட்டது. காலையில் கால் பாட்டில் இறங்காமல் பல் விளக்காத நிலைக்கு வந்திருந்தான். அவள் கையில் இருந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. எதற்கும் நிற்காத குடி, ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் நிற்கும் என்பது இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பக்தியோ பயமோ, அத்தனை நாளாவது வீட்டில் சட்டி உடையாது. அவளே குருசாமி தாண்டவராயனிடம் போய் நின்றாள். அவர் லாரி ஓட்டுகிறவர், பதினாறு தடவை மலைக்குப் போனவர், நல்ல மனுஷன். தொண்ணூற்றொன்பது கார்த்திகை ஒன்றாம் தேதி சுப்பராயன் கழுத்தில் மாலை விழுந்தது. அன்றிலிருந்து தம்பியை அவளும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

முதல் நாள் கை நடுங்கியது. சாமிக்குக் குளிருது என்று சுக்குக் காபி கொடுத்தாள். இரண்டாம் நாள் மாலையின் மணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சாமி பாக்கற?"

"எறும்பு. மணிக்குள்ளருந்து வருது பாரு."

ஒரு எறும்பும் இல்லை. அவன் அதை அவ்வளவு அமைதியாகச் சொன்னதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் குடிக்கவில்லையே, இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று அந்தப் பயத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். மூன்றாம் நாளும் வழக்கம்போல அவன் டியூட்டிக்குப் போனான், அவள் வேன் ஏறினாள்.

பத்து மணி சுமாருக்குக் கேன்டீன் வாசலில் அவளைத் தேடி மாசானம் வந்து நின்றார். அதே கேட்டில் இரவு டியூட்டி பார்க்கிறவர், நாற்பத்தைந்து வயது, திருநெல்வேலிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். இரவு டியூட்டி முடித்தவர் தூங்கப் போகாமல் வந்திருந்தார்.

"யக்கா, ஒரு விசயம். ஒங்க தம்பி நேத்து நோட்டுல நாலு ஆளு உள்ள போனதா எழுதிருக்கான். வெளிய போன நேரம் போடல. நானும் ராத்திரி பூரா டார்ச் அடிச்சுத் தேடிட்டேன். ஒரு காக்கா குருவி இல்ல. காலைல அவன்ட்ட கேட்டா, உள்ளதான் இருக்காவ, சத்தம் போடாதீங்கங்கான்."

"யார் பேரு எழுதிகீறான்?"

"மத்தவங்களத் தெரியல. காசிராஜன், வடக்குப்பட்டுன்னு ஒண்ணு கெடக்கு. அது ஒங்க வீட்டுக்காரர் பேருல்லா?"

"அவரு போயி அஞ்சு வருசம் ஆவுது."

"அதாம் வந்தேன்" என்றார் மாசானம்.

கையில் வெங்காய வாசனையோடு அப்படியே கிளம்பினாள். சூப்பர்வைசர் கூப்பிட்டது காதில் விழவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி இருவரும் வந்தார்கள். வடக்குப்பட்டு நிறுத்தத்தில் ஜன்னல் வழியாக ஒருத்தரைக் கூப்பிட்டு, குருசாமியைக் கையோடு கேட்டுக்கு அழைத்து வரச் சொன்னாள். பேயோ சாமியோ, அவளுக்குத் தெரிந்த பெரியவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு நாள் மழை விட்டு அன்றைக்குத்தான் வெயில் அடித்தது. ஈர நிலத்திலிருந்து ஆவி எழும்பி வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாமே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. ஆயிரம் பேர் வேலை செய்யப் போகிற இடம் என்று போர்டு மட்டும் இருந்தது. சுப்பராயன் கறுப்பு வேட்டியோடு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. பேனா பிடித்த கை மட்டும் நடுங்கவில்லை.

"அக்கா, கையெழுத்து போடு. யாரப் பாக்க?"

"உன்னத்தான் சாமி பாக்க வந்தேன்."

எழுதினான். அவள் கையெழுத்துப் போடக் குனிந்தபோது மேலே இருந்த நாலு வரியும் கண்ணில் பட்டன. கன்னியப்பன். எட்டியப்பன். முனிரத்தினம். காசிராஜன். யாரைப் பார்க்க என்ற இடத்தில் நான்கிலும் ஒரே பெயர், சுப்பராயன். கையெழுத்து இடம் நான்கிலும் காலி. ஐந்தாவது வரியில் அவள் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எப்படி வர்றது? உள்ள நாலு பேர் கீறாங்களே."

"எங்க?"

"தோ, பம்ப்செட்டு மேடையாண்ட குந்திகினு கீறாங்க. அஞ்சாவது டம்ளர ஊத்தி வச்சிகினு என்ன வா வான்றாங்க. நான் மாலை போட்டுகிறேன், வரமாட்டேன்னுட்டேன். அதுக்கு மாமா சிரிக்கிறாரு."

மாசானம் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். சுப்பராயன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் விரல் ஒன்றுகூடப் பிரியவில்லை. எலும்பும் தோலுமான ஆளுக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. "அவுட் டைம் போடாம கேட்ட வுட்டு நகரக் கூடாது" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

காந்திமதி தன் கையைத் தளர்த்தினாள்.

"நான் போயி அவங்கள வெளிய இட்டாந்தா வருவியா?"

"நேரம் போட்டுட்டு வருவேன்."

அவள் உள்ளே நடந்தாள். இருநூறு அடி இருக்கும். நெருஞ்சி காலில் ஏறியதை அவள் கவனிக்கவில்லை. மேடை வெறும் மேடையாகத்தான் இருந்தது. ஒரு ஓரத்தில் பாசி, நடுவில் தேங்கிய மழைத் தண்ணீர். அங்கே போய் நின்று யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் நல்ல பயமும் இருந்தது. நடுப்பகலில் அந்தப் பக்கம் பெண்கள் தனியாகப் போவதில்லை.

"கன்னியப்பண்ணா, நேரமாச்சு, கெளம்புங்க."

கேட்டிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "எழுந்துட்டாரு. வேட்டிய ஒதறுறாரு."

கன்னியப்பன் எழுந்தால் முதலில் வேட்டியைத்தான் உதறுவார்.

"எட்டியப்பண்ணா, நீங்களும் கெளம்புங்க."

"அவருக்குக் கண்ணு தெரியல. முனிரத்தினம் அண்ணன் கையப் புடிச்சிகினு வராரு" என்றான் தம்பி. "அக்கா, மாமா மட்டும் எழுந்துக்கல. உன்னையே பாத்துகினு கீறாரு."

அவள் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். புருஷன் வீட்டுக்குள் வரும்போது செய்கிற பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது. உயிரோடு இருந்தவரை அவரிடம் ஒரு வார்த்தை உரக்கப் பேசியதில்லை அவள். இப்போது பாசி பிடித்த சிமென்ட்டைப் பார்த்துப் பேசினாள்.

"இன்னா பாக்கற? உன்ன நான் மறக்கல. அழுதுகினுதான் கீறேன், தெனமும். ஆனா அவன் ஒருத்தன்தான்யா எனக்கு மிச்சம். அவனுக்கு டம்ளர் வைக்காத. உனக்கு ஆம்லெட்டு போட்டது என் தப்பு. எனக்கு வேணும்னா எதுனா பண்ணு, அவன வுட்டுடு. எழுந்து போ."

தேங்கிய தண்ணீர் ஒரு முறை சுருங்கி விரிந்தது. காற்றாக இருக்கலாம். ஆனால் அவள் முந்தானை அசையவில்லை.

"வராரு" என்றான் தம்பி. "உன் பின்னாலயே வராரு. திரும்பாத, நட."

அவள் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவள் உடம்பு முழுக்க ஆசை இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரே ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தால் போதும் என்று இருந்தது. பார்க்காமல் அந்த இருநூறு அடியையும் நடந்து வந்தாள். மாசானம் கேட்டை அகலத் திறந்துவிட்டு, யாரோ போவதற்கு இடம் விடுகிறவரைப் போலத் தன்னை அறியாமல் ஒதுங்கி நின்றார்.

சுப்பராயன் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுச் சொல்லி எழுதினான். "கன்னியப்பன், பன்னெண்டு முப்பத்தஞ்சு. எட்டியப்பன், முப்பத்தஞ்சு. முனிரத்தினம், முப்பத்தாறு. காசிராஜன், பன்னெண்டு நாப்பது." ரோட்டுப் பக்கம் பார்த்துத் தலையாட்டினான். அடுத்த வரிக்கு வந்தான். "காந்திமதி" என்று சொல்லிப் பேனாவை வைத்தான். பேனா தெறித்தது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

அந்த நேரம் பார்த்து மொபெட்டில் தாண்டவராயன் வந்து இறங்கினார். பின்னால் சைக்கிளில் ஏழெட்டுப் பேர். கறுப்பு வேட்டியும் மாலையுமாக ஒருவன் தரையில் துள்ளுவதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாமியே சரணம்! யாரும் தொடாதீங்க. அய்யன் எறங்கிகீறாரு."

கற்பூரம் ஏற்றினார்கள். ஒருவர் விழுந்து கும்பிட்டு, தன் மகளுக்கு எப்போது கல்யாணம் கூடும் என்று வேறு கேட்டார். சிரிக்கிற விஷயமில்லை, அவரும் எத்தனை நாளாகத்தான் தேடுவார். சுப்பராயனின் வாயோரம் நுரை வந்தது, நுரையில் ரத்தம் இருந்தது. மாலை முறுக்கிக்கொண்டு கழுத்தை இறுக்கியது.

காந்திமதி இதை ஒரு முறை பார்த்திருக்கிறாள். இதே இழுப்பு, இதே நுரை, குடிக்காத நாட்களுக்குப் பிறகு. அன்றைக்கு இரும்புச் சாவி, இன்றைக்குக் கற்பூரம். அவ்வளவுதான் வித்தியாசம். நேராகப் போய் உட்கார்ந்து, தம்பியின் தலையைத் தூக்கி, மாலையைக் கழற்றினாள்.

"ஏம்மா! விரதத்துல இருக்கற மாலைய ஒரு பொம்பள..." தாண்டவராயனுக்குக் குரல் உடைந்தது.

"சாமி வரலண்ணா. உள்ள கீற சாராயம் போவுது. என் வூட்டுக்காரரு இப்படித்தான் போனாரு. குத்தம்னா அது என்னோட இருக்கட்டும். வழி வுடுங்க."

ஜல்லி ஏற்றி வந்த லாரியை ரோட்டின் நடுவில் நின்று மறித்தவர் மாசானம். தலையை அவள் பிடித்துக்கொண்டாள். வழி முழுக்கச் சுப்பராயனின் காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தவர் தாண்டவராயன். நல்ல மனுஷன் என்று சொன்னேன் அல்லவா.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இரவோடு இரவாகப் பார்த்தார். மறுநாள் காலையில் காந்திமதியிடம் சொன்னார். "தினம் குடிக்கிற உடம்பு, ஒரே நாள்ல நிறுத்தினா இப்படித்தாம்மா ஆகும். ஆள் தெரியும், குரல் கேக்கும், அப்புறம் ஃபிட்ஸ். மருந்து கொடுத்துப் பார்த்துக்கிட்டே நிறுத்தணும். நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க." காந்திமதி தலையாட்டினாள். அப்படியானால் அவரையும் கொண்டு வந்திருந்தால், என்று ஒரு கேள்வி தொண்டை வரை வந்தது. கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்று பயந்து கேட்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குக் கையில் வெங்காயம் இல்லை.

பிழைத்தான் என்றதும் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் மாதமே மறுபடி குடித்தான். மறுபடி வார்டு. அதற்கடுத்த வருஷமும் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் தலையில் அடித்துக்கொண்டு, திட்டித் தீர்த்து, மாத்திரையைத் தன் கையால் நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டாயிரத்து மூன்றில் அரசாங்கமே கடையைத் திறந்து உட்கார்ந்தபோது, அந்த ரோட்டில் போகாமல் இருக்கத் தம்பியைச் சுற்று வழியில் கூட்டிப் போனாள். வேலை மட்டும் அதே கேட்டில் நிலைத்தது. யாரும் விரும்பாத கேட் அது.

இருவருக்குள்ளும் ஒரு பழக்கம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சோறு கொண்டு போவாள். "ஊது" என்பாள். ஊதுவான். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பாள். அதற்கு முன்னால் அவன் நோட்டை நீட்டுவான். "கையெழுத்து போடுக்கா." வார்டிலிருந்து வந்த பிறகும் அவனுக்கு எப்போதாவது வேலியோரம் ஆள் தெரிந்தது. யாராக இருந்தாலும் நோட்டை நீட்டினான். கையெழுத்துப் போட்டால் ஆள். போடாவிட்டால் இல்லை. அந்தப் பக்கத்தில் எழுதிய ஐந்து பேரில் கையெழுத்துப் போட்டவள் அக்கா ஒருத்திதான் என்பதைப் பிடித்துக்கொண்டு அவன் நடந்தான். பெற்ற தாய்க்குச் சமமானவளிடம் வாராவாரம் கையெழுத்து வாங்குகிறான் என்று ஊர் சிரித்தது. அவள் போட்டுக்கொண்டே இருந்தாள், ஐந்தரை வருஷம்.

இரண்டாயிரத்து ஐந்து சித்திரையில் அந்த நிலத்துக்குக் கம்பெனி வந்துவிட்டது. மண் தோண்டும் வண்டி ஓடியது, வடக்கத்தி ஆட்கள் தலையில் தொப்பியோடு கேட்டில் வரிசையாக நின்றார்கள். பம்ப்செட் மேடையை முதல் நாளே பெயர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் டப்பாவோடு போனாள். வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் சுப்பராயன் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். அவள் முறை வந்தது. நிமிர்ந்து பார்த்தான். நோட்டை நீட்டவில்லை. "உள்ள வந்து குந்துக்கா" என்று ரூமைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

குடித்துவிட்டானா? ரூமுக்குள் அவன் வரும்வரை உச்சி வெயில் ஜன்னலில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி இருந்தாள். அவன் கண்ணில் தான் ஆளாகத் தெரியவில்லையோ என்றும் ஒரு கணம் நினைத்தாள். டப்பாவின் சூடு கையில் உறைத்துத்தான் தன்னை நம்பினாள்.

"ஊது" என்றாள்.

ஊதினான். வெற்றிலை வாசனைகூட இல்லை.

"நோட்டு ஏண்டா நீட்டல?"

"உன்ன இன்னாத்துக்கு எழுதணும்? நீ வர்ற கால் சத்தம் எனக்குத் தெரியாதா?"

அவள் சோற்றைப் பிசைந்தாள். அவன் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தான். முனை மடங்கி, மழையில் ஊறிக் காய்ந்தது. பக்கத்தைத் தேடித் திறந்து வைத்தான். கன்னியப்பன், எட்டியப்பன், முனிரத்தினம், காசிராஜன், நால்வருக்கும் நேரம் போட்டிருந்தது. ஐந்தாவது வரியில் அவள் கையெழுத்து. பக்கத்தில், வெளியே போன நேரம் என்ற இடத்தில், பேனா தெறித்த ஒரு கீறல் மட்டும்.

"எல்லாரையும் அனுப்பிட்டேன். உனக்கு மட்டும் போடாம நிக்குது. அப்பப்போ எடுத்துப் பாப்பேன். இந்த நோட்டப் பரண்ல போட்டுடலாம்னு கீறேன். நேரம் போட்டுடட்டா?"

அவள் பிசைந்த கையை எடுக்காமல், இடது கையால் நோட்டை மூடினாள்.

"போடாதடா. எங்க போனேன் நான்?"